விலைப் பலகையில் இன்னொரு கட்டம் போடுங்கள்: உழவர் சந்தை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அதிகாரிகளுக்கும், உழவர் சந்தைகளின் நிர்வாக அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு உழவர் சந்தைக்கு ஓடி வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. இது புகார்க் கடிதம் இல்லை. எடை சரியாக இருக்கிறது, கீரை வாடாமல் கிடைக்கிறது, பேரம் பேசித் தொண்டை வறள வேண்டியதில்லை. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் சந்தையில் விலைப் பலகை எழுதி வைக்கிறீர்கள். அதில் காயின் பெயருக்கும் விலைக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும். அந்தக் காய் இப்போது நம் வட்டாரத்தில் காய்க்கிறதா, வெளியிலிருந்து வந்ததா, வட்டாரக் காய் என்றால் இன்னும் ஏறக்குறைய எத்தனை வாரத்துக்கு வரும் என்று அதில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு கட்டத்துக்கு இவ்வளவு பெரிய மடலா என்று நினைக்கலாம். வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்ன சாப்பிடுகிறோம் என்பது அந்தப் பலகையின் முன்னால்தான் முடிவாகிறது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து அவரைக்காயிலிருந்து தொடங்குகிறேன். மார்கழியில் பனி இறங்கத் தொடங்கினால் தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கமிருந்து அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பனியில் நனைந்த அவரைக்கு ஒரு மணம் உண்டு. உரித்த கையில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை போகாது. இந்தப் பக்கத்துப் பெண்கள் காயை ஒடித்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார்கள். மணம் வரவில்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

வாங்கி வந்த காயை உரித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும். அதை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும். தோல் கையில் தங்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இதுதான் பிதுக்கம்பருப்பு. பழகாத கை அழுத்தினால் பருப்பு துள்ளிப் போய் எதிரே இருப்பவர் மூக்குக்கண்ணாடியில் அடிக்கும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் அடி வாங்குவது என் கணவர். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், தூக்கம் வரவில்லை என்று சொல்லிப் பாத்திரத்துக்கு எதிரே உட்காருவார். என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டே பிதுக்குவார். பையன் குறி பார்த்து அடிப்பான். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு பிதுக்குவாள். தனியாளாக உட்கார்ந்தால் முதுகு ஒடிந்துவிடும். நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு அரட்டையில் முடிந்துவிடும். தேங்காய், கசகசா, இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு அரைத்துவிட்டுக் குழம்பு கொதித்ததும் ராகிக் களியோடு சாப்பிட உட்கார்ந்தால், பள்ளி டப்பாவில் பீன்ஸ் பொரியலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிற அதே பையன், "இதுல நான் பிதுக்குனது எத்தனை இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வான்.

பருவத்தில் வருகிற காய்கனிகளில் பல இப்படித்தான், ஒரு ஆளால் ஆகாது. பலாப்பழத்தைத் தனியாளாக யாரும் வெட்டுவதில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருவர் பிளக்க, ஒருவர் சுளை எடுக்க, ஒருவர் கொட்டை சேர்க்க, பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டும் போகும். வாழைப்பூவில் கள்ளன் எடுக்க இரண்டு கை போதாது. தை மாதத்தில் பனங்கிழங்கை வேகவைத்து நார் உரித்துத் தின்பது, மாசியில் மாவடு பொறுக்கி ஊறப்போடுவது, சித்திரையில் நுங்கைச் சீவி விரலால் நோண்டிச் சாப்பிடுவது எல்லாமே கூட்டத்தோடு நடக்கிற காரியம். கிவிப் பழத்தை ஒருவர் ஒரு கரண்டியோடு சோபாவில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் "எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள்" என்று குடும்பங்களுக்கு அறிவுரை சொல்கிறவர்கள், சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலையும் கொடுத்தால்தான் அது நடக்கும். அந்த வேலையை மாதம் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பது பருவம்தான்.

நம் பெரியவர்கள் இதைப் பண்டிகையோடு கட்டியே வைத்திருக்கிறார்கள். திருவாதிரைக் களிக்கு ஏழு கறிக் கூட்டு, பொங்கலன்று பல காய் போட்ட கூட்டு. அவற்றில் விழுவது என்ன என்று பாருங்கள்: அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு, பிடிகருணை. ஒன்றுகூட வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய காய் இல்லை. ஆடிப் பட்டத்தில் விதைத்த கொடிக்காய்கள் வந்து குவிகிற சமயமும், பல வீடுகளில் கறி மீனை விடுகிற புரட்டாசியும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன என்று சந்தையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி சொல்ல மாட்டேன். அந்தந்தப் பருவத்து நோய்க்கு அந்தந்தப் பருவத்துக் காயிலேயே மருந்து இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சுரைக்காய் சாப்பிட்டுச் சர்க்கரை நோய் தீர்ந்த ஒருவரையும் பார்த்ததில்லை. நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்வதென்றால், ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவு உண்கிற ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி (கீரையும் சேர்த்து), 100 கிராம் பழம் என்று சொல்லியிருக்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய். எத்தனை வீட்டில் இது நடக்கிறது? மாதக் கடைசியில் அந்த அளவுக்குக் காய் வாங்க வேண்டுமென்றால் வரத்து அதிகமாக, விலை குறைவாக இருக்கிற காயை வாங்கினால்தான் கட்டுப்படியாகும். பருவத்தைத் தெரிந்துகொண்டு வாங்குவதன் முதல் லாபம் இதுதான்: தட்டில் காயின் அளவு கூடும்.

இரண்டாவது, பறித்ததிலிருந்து தட்டுக்கு வரும் தூரம். கீரையில் இருக்கிற வைட்டமின் சி பறித்த சில மணி நேரத்திலேயே குறைய ஆரம்பித்துவிடும், வாட வாட இன்னும் வேகமாகப் போகும். விடியற்காலையில் சூளகிரிப் பக்கத்துத் தோட்டத்தில் பறித்து ஆறு மணிக்குச் சந்தைக்கு வருகிற கொத்தமல்லிக்கும், இரண்டு நாள் லாரியில் பயணித்துக் குளிர்பெட்டியில் படுத்திருந்த கொத்தமல்லிக்கும் வித்தியாசம் வாசனையிலேயே தெரியும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆப்பிள் வாங்கிப் போவதை நாம் ஒரு மரியாதையாகவே ஆக்கிவிட்டோம். மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் இருந்த, மெழுகு பூசிய ஆப்பிளாக இருந்தாலும் சரி. வைட்டமின் சி கணக்கில் நம் ஊர்க் கொய்யா அதைவிடப் பல மடங்கு மேல், நெல்லிக்காய் அதற்கும் மேல். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொய்யாவோடு போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

சர்க்கரை நோய் என்று பேச்சை எடுத்ததால் ஒன்று. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த வீடுகளில் மாம்பழக் காலம் வந்தாலே ஒரு போர் நடக்கும். எங்கள் மாமியாருக்கும் சர்க்கரை உண்டு. ஒரு பழத்தை அறுத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது அவர் பங்கு மெல்லிய இரண்டு துண்டு, அதுவும் டாக்டர் சொன்ன கணக்குக்குள். ஒளித்து வைத்துத் தனியாகச் சாப்பிட்டால்தான் அளவு மீறும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சரி, பலகைக்கு வருகிறேன். "விலை குறைந்தால் பருவம், ஏறினால் பருவமில்லை, இது தெரியாதா?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். விலை சில சமயம் உண்மையைச் சொல்லும், பல சமயம் குழப்பும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கிற நிலை வந்தது. வேறு சில மாதங்களில் இதே ராயக்கோட்டைப் பக்கம் பறிகூலிக்கும் கட்டாது என்று தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு விலையையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத் தலைவி எந்தப் பருவத்தைக் கண்டுபிடிப்பார்? தக்காளி நம் அடுப்படிக்கு வந்து சேர்ந்ததே பிற்காலத்தில்தான். புளிப்புக்குப் புளி இருக்கிறது, கோடையில் மாங்காய் இருக்கிறது, மோர் இருக்கிறது. "இந்த மாதம் தக்காளி வரத்துக் குறைவு, மாங்காய் வரத்து அதிகம்" என்று பலகையில் ஒரு வரி இருந்தால், சாம்பாரில் தக்காளிக்குப் பதில் மாங்காய்த் துண்டு விழும்.

மாங்காயிலும் கூத்துதான். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழம் மே மாதத்தில்தான் நன்றாக இறங்கும். மார்ச்சிலேயே கடைகளில் மஞ்சள் மஞ்சளாக அடுக்கியிருக்கிறார்கள். அது கேரளத்து முதலமடையில் முந்திப் பழுத்த நல்ல பழமாகவும் இருக்கலாம், கார்பைடு கல் வைத்துச் சட்டத்துக்குப் புறம்பாகப் பழுக்கவைத்த பிஞ்சாகவும் இருக்கலாம். வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதே நேரத்தில், 2025 ஜூனில் பெங்களூரா மாங்காயைக் கூழ்த் தொழிற்சாலைகள் வாங்காமல் கைவிட, விவசாயிகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். அந்த மாங்காய் மாவட்டம் முழுக்கக் காய்த்துத் தொங்கியது. ஓசூரில் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதைப் பச்சடி செய்யலாம், சாம்பாரில் போடலாம், உப்பு மிளகாய்த்தூள் தொட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பதே தோன்றவில்லை. ஜூஸ் கம்பெனிக்குப் போகிற காய் என்று நினைத்துவிட்டார்கள்.

அதே 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஊசி போட்டு ஏற்றுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது ஞாபகம் இருக்கும். நல்ல விளைச்சல் நேரத்தில் மக்கள் வாங்குவதை நிறுத்த, விலை சரிந்து விவசாயிகள் போராட வேண்டியதாயிற்று. தர்பூசணி எங்கே, எந்த மாதத்தில், எப்படி விளைகிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பேச்சு அவ்வளவு தூரம் எடுபட்டிருக்காது என்று நினைக்கிறேன். விளைச்சலைப் பற்றித் தெரியாத இடத்தில் வதந்தி சுலபமாக உட்கார்ந்துகொள்ளும்.

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே" என்று சொல்வீர்களானால், ஓசூருக்கு வந்து பாருங்கள். இங்கே திருநெல்வேலிக்காரர் இருக்கிறார், தஞ்சாவூர்க்காரர் இருக்கிறார், கர்நாடகம், ஆந்திரம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் கம்பெனி வேலைக்காக வந்து, ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்க்கிற இளம் தம்பதிகள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. ஊரில் தெரிந்த பருவக் கணக்கு இந்தக் குளிரான மேட்டு நிலத்துக்குப் பொருந்துவதும் இல்லை. அதனால்தான் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக ஓர் அட்டவணை அச்சிட்டு ஒட்டிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கன்னியாகுமரிக்கு மாம்பழம் வருகிற மாதம் வேறு, கிருஷ்ணகிரிக்கு வேறு. அந்தந்தச் சந்தையில், அந்தந்த வாரம் கையால் எழுதினால்தான் பயன்.

எழுதுவதற்குத் தேவையான விவரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சந்தையில் கடை போடுகிற விவசாயிக்கு அடையாள அட்டை கொடுப்பதற்கு முன் அவர் நிலத்தையும் பயிரையும் பார்த்துப் பதிவு செய்கிறீர்கள். எந்தக் கிராமத்தில் யார் என்ன போட்டிருக்கிறார் என்பது உங்கள் நோட்டில் உண்டு. காலையில் மொத்த விலையையும் சில்லறை விலையையும் பார்த்து இரண்டுக்கும் நடுவில் விலை வைக்கிறீர்கள், அப்போதே எது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். புதிதாக ஆய்வு வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். செயலி ஒன்று உருவாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பலகையும் சாக்பீஸும் போதும். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்குக்கு "வெளி வரத்து" என்று எழுதினால் யாரும் வாங்காமல் போய்விட மாட்டார்கள். நானும் வாங்குவேன். வெளிக் காயை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை. எல்லாக் காயும் எல்லா நாளும் கிடைக்காத காலத்தில் மழை மாதங்களைச் சுண்டை வற்றலையும் மாங்காய் வற்றலையும் வைத்து ஓட்டிய வீடுகளுக்கு அது ஒன்றும் சுகமாக இருந்ததில்லை. எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இன்னும் ஒன்று. 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அன்று குழந்தைகள் தினம். இன்று மாநிலத்தில் 180க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன, ஆனால் எங்கள் சந்தையில் குழந்தைகளைப் பார்ப்பதுதான் அபூர்வம். பெரியவர்கள் அவசர அவசரமாக வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது, மைக்கில் விலை சொல்லும்போது கூடவே "இன்றைக்கு அவரை நன்றாக வந்திருக்கிறது, வாழைப்பூ வந்திருக்கிறது" என்று அறிவித்து, அந்தக் காயை விளைவித்தவரே எப்படிச் சமைப்பது என்று இரண்டு வரி சொல்லட்டும். பிடிகருணை நாக்கை அரிக்காமல் இருக்கப் புளித்தண்ணீரில் வேகவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதை விற்ற அம்மாதான். ஒரு காயைக் குழந்தை முதல் தடவை துப்பினால் அதோடு விட்டுவிடக் கூடாது, பல தடவை சிறிது சிறிதாகக் கொடுத்தால்தான் பழகும் என்பது குழந்தை உணவைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாரும் சொல்வது. தன் கையால் பொறுக்கி வாங்கிய காய் என்றால் அந்தப் பல தடவை கொஞ்சம் சுலபமாகும்.

பக்கத்தில் பெங்களூருவில் டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் அவரைக்காய்க்கென்றே மேளா நடத்துகிறார்கள். அவரையில் தோசை முதல் ஜிலேபி வரை செய்து விற்கிறார்கள், ஓசூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பஸ் ஏறிப் போகிறோம். நம் வயலில் விளைந்த காய்க்கு அங்கே போய் வரிசையில் நிற்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. மேளா நடத்துங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. அதற்கு மேடை, பந்தல், மந்திரி, மாலை என்று எல்லாம் சேர்ந்துவிடும். பலகையில் ஒரு கட்டம் மட்டும்.

இதை எல்லாச் சந்தையிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. வருகிற கார்த்திகையில், அவரை வரத்துத் தொடங்குவதற்கு முன், ஓசூரில் சோதனையாகச் செய்து பாருங்கள். காலையில் பலகை எழுத ஆள் பற்றாக்குறை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் பெண்ணும் வந்து எழுதித் தருகிறோம். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓசூர் உழவர் சந்தை வாடிக்கையாளர்களில் ஒருத்தி